ஒரு பழைய தாளை அச்சேற்ற யாரைக் கேட்பது?

ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் எழுத்தில் தடுமாறுவதைவிடப் படத்தில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். கோயில் கும்பாபிஷேக மலர், பள்ளிக்கூட நூற்றாண்டு மலர், குடும்ப வரலாறு என்று விருதுநகர் வட்டாரத்தில் புத்தகம் போடுகிறவர்களுக்குக் குறைவில்லை. அச்சடிக்க வெளியூர் அலைய வேண்டியதும் இல்லை, சிவகாசி பக்கத்திலேயே இருக்கிறது. பக்கம் கட்டி, அட்டை முடிவாகி, அச்சுக்குப் போகிற நேரத்தில் அச்சகத்துக்காரர் கேட்பார்: "அண்ணாச்சி, இந்தப் பழைய ஆர்டர் படத்தை எங்க எடுத்தீக? போடலாமா? பின்னால ஒண்ணும் வராதே?" அதற்குப் பெரும்பாலும் கையில் பதில் இருக்காது. பயந்தவர்கள் படத்தை எடுத்துவிடுகிறார்கள். துணிந்தவர்கள் கேட்காமலே போட்டுவிடுகிறார்கள். எடுத்துவிட்டால் வாசகனுக்கு ஒரு சான்று போய்விடுகிறது. கேட்காமல் போட்டால், அடுத்து வரும் ஆய்வாளருக்குக் காப்பகத்தின் கதவு இன்னும் கொஞ்சம் இறுகுகிறது.

விருதுநகரிலிருந்து காரியாபட்டி போகும் சாலையில் உள்ள பேரூராட்சி மல்லாங்கிணறு. கவிஞர் தமிழச்சி தங்கபாண்டியன் பிறந்து, தன் எழுத்தில் திரும்பத் திரும்பக் கொண்டுவந்த கரிசல் ஊர். இங்கே ஒருவர் ஊர் வரலாறு எழுத உட்கார்ந்தால் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊர் இருந்த இடத்திலேயே இருக்க, மாவட்டம்தான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இன்றைய மாவட்டம் 1985 மார்ச் 15 அன்று இராமநாதபுரத்திலிருந்து பிரிந்து, காமராஜர் மாவட்டம் என்ற பெயரோடு உருவானது. இராமநாதபுரம் மாவட்டமோ 1910-இல்தான் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்து அமைக்கப்பட்டது. விருதுபட்டி விருதுநகர் ஆனதே 1923-இல். ஆகவே 1910-க்கு முந்தைய காகிதம் என்றால், சாத்தூர், சிவகாசி பக்கத்துச் சங்கதி திருநெல்வேலிக் கலெக்டர் கட்டிலும், அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துச் சங்கதி மதுரைக் கட்டிலும் இருக்கும். "விருதுநகர் மாவட்டக் கோப்பு" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் காப்பக ஊழியரால் எதையும் எடுத்துத் தர முடியாது.

அந்தக் கட்டுகளில் பெரும்பகுதி இருப்பது சென்னை எழும்பூரில், காந்தி இர்வின் சாலையில் உள்ள சிவப்புக் கட்டடத்தில். மதராஸ் ரெக்கார்டு ஆபீஸுக்காக 1909-இல் கட்டி முடித்தது. 1973-இல் அது தமிழ்நாடு ஆவணக் காப்பகம் ஆனது. கிழக்கிந்தியக் கம்பெனியின் 1670-ஆம் ஆண்டுப் பதிவுகள்வரை பின்னோக்கிப் போகும் பெரிய களஞ்சியம் அது. அங்கே போகிற புதியவர் வழக்கமாகக் குழம்புவது ஒரே இடத்தில்தான். கோப்பைப் பார்க்கக் கிடைக்கும் அனுமதி வேறு, நகல் எடுக்கக் கிடைக்கும் அனுமதி வேறு, அந்த நகலைப் புத்தகத்தில் அச்சிட வாங்கும் அனுமதி வேறு. ஆய்வாளர் என்று பதிவு செய்துகொண்டதால் முதலாவது கிடைத்திருக்கும். பக்கத்துக்கு இவ்வளவு என்று பணம் கட்டியதால் இரண்டாவது கிடைத்திருக்கும். "அதுதான் ரசீது இருக்கே" என்று அதையே மூன்றாவதாகவும் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ரசீது நகலுக்கான கூலிக்குத்தான். அச்சிட வேண்டும் என்றால், எந்தப் பக்கம், எந்த நூலில் என்று தனியே எழுதிக் கேட்க வேண்டும்.

ஏன் தனியே கேட்க வேண்டும்? ஒரு பழைய தாளுக்கு இரண்டு உடைமைக்காரர்கள் இருக்கலாம். தாள் ஒருவருடையது, அதில் உள்ள எழுத்து இன்னொருவருடையது. கடிதத்தை எடுத்துக்கொண்டால் இது எளிதாக விளங்கும். கடிதம் வந்து சேர்ந்த வீட்டுக்குத் தாள் சொந்தம். அதில் உள்ள வாசகங்களுக்கான பதிப்புரிமை எழுதியவருக்கும், அவருக்குப் பின் அவருடைய சட்டப்படியான வாரிசுகளுக்கும் உரியது.

விருதுநகரில் ஒரு வீட்டில் காமராஜர் கைப்பட எழுதிய கடிதம் ஒன்று சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்காரர் மகிழ்ச்சியோடு படம் எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். அது தாளுக்கான சம்மதம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் வாழ்நாளில் வெளிவந்த எழுத்துக்கு அவருடைய ஆயுள் முழுவதும், அவர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகளும் பாதுகாப்பு உண்டு. அவர் இறக்கும்வரை வெளிவராத எழுத்துக்கு, அது முதலில் வெளியாகும் ஆண்டுக்குப் பின்தான் அந்த 60 ஆண்டு தொடங்கும். காமராஜர் மறைந்தது 1975 அக்டோபர் 2. ஆக அந்தத் தனிக் கடிதம் அவர் காலத்திலேயே வெளிவந்திருந்தால் 2035 முடியும்வரையும், வெளிவராதது என்றால் அதற்குப் பின்னும், அதை முழுமையாக அச்சிட வாரிசுகளின் இசைவும் வேண்டும். அதே காமராஜர் 1954 முதல் 1963 வரை முதலமைச்சராக இருந்தபோது அரசுக் கோப்பில் எழுதிய குறிப்பு என்றால் கணக்கு வேறு. அரசுப் பணியில் எழுதப்பட்டதற்கு முதல் உரிமையாளர் அரசு. அங்கே வாரிசைத் தேட வேண்டியதில்லை, துறையைத்தான் கேட்க வேண்டும்.

இந்த 60 என்ற எண்ணுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. முன்பு அது 50 ஆக இருந்தது. தாகூர் மறைந்தது 1941-இல். 1991-இல் அவருடைய எழுத்துகள் அவர் நிறுவிய விசுவபாரதிப் பல்கலைக்கழகத்தின் கையைவிட்டுப் போகும் நிலை வந்தபோது, 1992-இல் சட்டத்தைத் திருத்திப் பத்தாண்டுகளைக் கூட்டினார்கள். தமிழ்நாடு இதற்கு நேர் எதிரான வழியில் முன்பே நடந்திருந்தது. எட்டயபுரத்துக்காரர் பாரதியின் எழுத்துரிமையை 1949-இல் சென்னை அரசே வாங்கியது. சில ஆண்டுகளில் அது மக்களுக்குப் பொதுவாக்கப்பட்டது. பிறகு பாரதிதாசன், கல்கி, புதுமைப்பித்தன் என்று வரிசையாக நாட்டுடைமை ஆனார்கள். ஒரு எழுத்தாளரின் படைப்பு நாட்டுடைமை ஆகிவிட்டால் அதை யாரும் அச்சிடலாம். ஆனால் அவருடைய கையெழுத்துப் பிரதி ஒரு நூலகத்தின் பெட்டியில் இருந்தால், பெட்டியைத் திறந்து படம் எடுத்துத் தருவது அந்த நூலகத்தின் விருப்பம். எழுத்து பொதுவாகிவிட்ட பிறகும் தாளுக்கு ஒரு காவலர் இருக்கிறார்.

கலெக்டர் எழுதியது, தாசில்தார் எழுதியது, ஊர்க்காரர்கள் சேர்ந்து கொடுத்த மனு என்று அச்சேறாமலே கிடக்கும் காகிதங்களுக்குச் சட்டத்தின் 52-ஆம் பிரிவில் ஓர் உட்பிரிவு வழிவிடுகிறது. பொதுமக்கள் போய்ப் பார்க்கக்கூடிய நூலகத்திலோ காப்பகத்திலோ அருங்காட்சியகத்திலோ இருக்கும் வெளிவராத எழுத்தை, ஆய்வுக்காகவும் வெளியிடும் நோக்கத்தோடும் படியெடுக்கலாம் என்கிறது அது. எழுதியவர் யார் என்று அந்த நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தால் அவர் இறந்து 60 ஆண்டு கடந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஊர் வரலாற்றுக்காரருக்கு இதைவிடப் பெரிய உதவி சட்டத்தில் இல்லை. பலருக்கு இது தெரிவதில்லை என்பதுதான் வருத்தம். ஒரு எச்சரிக்கை: இந்த உட்பிரிவு எழுத்து, நாடகம், இசை ஆகியவற்றுக்குத்தான். வரைபடத்தைச் சட்டம் கலைப்படைப்பின் கீழ் வைத்திருக்கிறது. ஆகவே கண்மாய்ப் படம், நில அளவைப் படம் என்றால் இந்த வாசல் திறக்காது, தனியே கேட்டாக வேண்டும்.

அரசிதழில் வெளியான அறிவிப்புக்கும் நீதிமன்றத் தீர்ப்புக்கும் இந்தக் கவலையே இல்லை. தீர்ப்பை அச்சிட வேண்டாம் என்று நீதிமன்றமே தடுத்திருந்தாலொழிய, யாரும் எடுத்துப் போடலாம். கமுதிக் கோயில் நுழைவு வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய் 1908-இல் முடிந்தது. அந்தத் தீர்ப்பை ஒரு நூலில் பின்னிணைப்பாகச் சேர்க்க யாரிடமும் கையேந்த வேண்டாம். அரசு அச்சிட்டு வெளியிட்ட அறிக்கைகளுக்கு வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு என்பதால், 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் தொகுதிகளும் பொதுவாகிவிட்டன.

பத்திரப் பதிவு அலுவலகம் இன்னொரு சுரங்கம். 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு, அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதியப்படும் 1-ஆம் புத்தகத்தைக் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம், நகலும் வாங்கலாம் என்கிறது. நூறாண்டுக்கு முன் ஊர்ச் சாவடிக்கு இடம் எழுதிக் கொடுத்தவர் யார் என்று அங்கே தெரியவரும். தற்கால அலுவலகக் கோப்பு என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் விண்ணப்பத்துக்குப் 10 ரூபாய், பக்கத்துக்கு 2 ரூபாய். அரசு அல்லாத வேறொருவரின் பதிப்புரிமை பாதிக்கும் என்றால் மட்டுமே பதிப்புரிமையைக் காரணம் காட்டி நகலை மறுக்கலாம் என்று அந்தச் சட்டத்தின் 9-ஆம் பிரிவு சொல்கிறது. பழைய கர்ணம் வீட்டுப் பரணில் ஒரு கணக்கு நோட்டு கிடைத்தால் அதை எப்படிக் கொள்வது? வீட்டில் இருந்தாலும் அது அரசுக் கணக்கு. வீட்டாரிடம் சம்மதம் வாங்குவதோடு நூலில் அதை மறைக்காமல் குறிப்பிடுவதும் முறை.

சிவகாசி பக்கம் வந்தால் ஆவணம் என்பது கோப்போடு நிற்பதில்லை. 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொடங்கிவைத்த தொழிலுக்குப் பின்னாலேயே லேபிள் அச்சும், பட்டாசுப் பெட்டி அட்டையும், காலண்டரும் வளர்ந்தன. இந்த ஊர்க் காலண்டர் படங்களை வைத்துக் கஜ்ரி ஜெயின் என்ற கலை வரலாற்றாசிரியர் 2007-இல் ஆங்கிலத்தில் ஒரு முழு நூலே எழுதியிருக்கிறார். ஒரு தீப்பெட்டி லேபிளைக் கையில் எடுத்துப் பார்த்தால் அதற்குள் எத்தனை உரிமை அடங்கியிருக்கிறது என்று புரியும். நடுவில் கிளியோ மயிலோ வரைந்த ஓவியரின் பதிப்புரிமை ஒன்று. அந்தக் கிளி அல்லது மயிலின் பெயரில் சரக்கு விற்ற கம்பெனியின் வணிகச் சின்னம் இன்னொன்று. சரக்குக்குப் பயன்படும் ஓவியத்துக்குப் பதிப்புரிமைப் பதிவு கேட்டால், அதே போன்ற சின்னம் ஏற்கெனவே பதிவாகவில்லை என்று வணிகச் சின்னப் பதிவாளரின் சான்று வேண்டும் என்பது சட்டம். தொழிலில் இருப்பவர்களுக்கு இது பழகிய நடைமுறைதான். ஓவியரின் பெயர் தெரியாமல் 1955-இல் வெளியான லேபிள் என்றால் 60 ஆண்டு 2015-உடன் முடிந்துவிட்டது. ஓவியம் பொதுவாகிவிட்டது. சின்னம் இன்றும் கடையில் விற்றுக்கொண்டிருக்கலாம். வரலாற்று நூலில் படமாகப் போடுவது அந்தச் சின்னத்தில் சரக்கு விற்பது ஆகாது என்றாலும், கம்பெனி நடந்துகொண்டிருந்தால் ஒரு கடிதம் எழுதிக் கேட்பது நல்லது. கேட்கப் போன இடத்தில் பழைய ஆல்பமே கிடைத்தாலும் கிடைக்கும்.

பெயர் தெரிந்த ஓவியர் என்றால் கணக்கு நீளும். காலண்டர் ஓவியத்தில் தென்னாட்டுக்கே வழிகாட்டியான கோவில்பட்டி சி. கொண்டையராஜு 1976-இல் மறைந்தார். அவருடைய ஓவியங்களுக்கு 2036 இறுதிவரை பாதுகாப்பு உண்டு. யாரிடம் கேட்பது? பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு அதற்கு விடை சொல்கிறது. விலை கொடுத்து ஒருவர் வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வரையச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆகவே கேட்க வேண்டியது ஓவியரின் குடும்பத்தையா, காலண்டர் போட்ட அச்சகத்தையா என்பது அன்று அவர்களுக்குள் என்ன பேச்சு இருந்தது என்பதைப் பொறுத்தது. எழுத்தில் ஒப்பந்தம் கிடைக்காவிட்டால் இருவரையும் கேட்டு இரண்டு கடிதம் வாங்கிக்கொள்வதே பாதுகாப்பு.

இதே பிரிவு வீட்டுப் புகைப்படங்களையும் தொடுகிறது. கல்யாணத்தன்று ஸ்டுடியோவுக்குப் போய்ப் பணம் கொடுத்து எடுத்துக்கொண்ட படத்துக்கு, ஸ்டுடியோக்காரர் அல்ல, எடுக்கச் சொன்ன குடும்பமே முதல் உரிமையாளர். நெகட்டிவ் ஸ்டுடியோவில் இருக்கும், உரிமை வீட்டில் இருக்கும். பழைய ஸ்டுடியோ மூடுகிறபோது கண்ணாடித் தகடுகளைப் பழைய இரும்புக்குப் போடுவதுபோல் போட்டுவிடுகிறார்களே என்ற கவலையில், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைத் தேடிப் படியெடுத்தது. பிரிட்டிஷ் நூலகம் 2004-இல் தொடங்கிய, அழியும் நிலையில் உள்ள ஆவணங்களுக்கான திட்டம் அதற்குப் பணம் தந்தது. அந்தத் திட்டத்தில் மூலப் பொருள் அதை வைத்திருப்பவர்களிடமே இருக்கும், டிஜிட்டல் படி மட்டும் இணையத்தில் ஏறும். ஆகவே அங்கிருந்து ஒரு படத்தை எடுத்துப் புத்தகத்தில் போட நினைப்பவர், மூலத்தை வைத்திருப்பவரையும் மனத்தில் கொள்ள வேண்டும். இணையத்தில் பார்க்கக் கிடைக்கிறது என்பதாலேயே அது அச்சிடக் கிடைத்ததாகிவிடாது.

படியெடுப்பதன் அருமை யாழ்ப்பாணத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1981 மே முடிந்து ஜூன் பிறக்கும் இரவில் அவர்களுடைய பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும், திரும்பக் கிடைக்காத ஓலைச்சுவடிகளும் போயின. 2005-இல் தொடங்கிய நூலகம் என்ற இணைய நூலகம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் ஆவணங்களையும் ஒவ்வொன்றாகப் படியெடுத்து ஏற்றிவருகிறது. மல்லாங்கிணற்றிலும் கரையான் ஒரு பத்திரக் கட்டைத் தின்று முடிக்க ஒரு மழைக்காலம் போதும். அனுமதிக்கு அலைவதை வெறும் அலைச்சல் என்று நினைக்கக் கூடாது. அனுமதி கேட்கப் போகிறபோதுதான் வீட்டுக்காரருக்கே தன் பெட்டிக்குள் இருப்பது என்ன என்று தெரியவருகிறது.

கடல் கடந்து கிடக்கும் காகிதங்களும் இந்த வட்டாரத்துக்கு உண்டு. 1834-இல் தொடங்கிய அமெரிக்கன் மதுரை மிஷனுக்கு மண்டபசாலையில் ஒரு நிலையம் இருந்தது. அங்கிருந்து போன கடிதங்கள் சேர்ந்த தலைமைச் சங்கத்தின் ஆவணங்கள் இன்று அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஹூட்டன் நூலகத்தில் இருக்கின்றன. இயேசு சபையின் மதுரை மாநில ஆவணங்கள் கொடைக்கானல் அருகே செண்பகனூரில் உள்ளன. கம்பெனி, கவர்னர், இந்தியா ஆபீஸ் கடிதப் போக்குவரத்து லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில். ஒரே ஊரைப் பற்றிய மூன்று கடிதங்கள் மூன்று நாட்டுச் சட்டத்தின் கீழ் இருக்கலாம். அமெரிக்காவில், வெளிவராத கடிதத்துக்கு எழுதியவர் இறந்து 70 ஆண்டு. எழுத்து பொதுவாகிவிட்டால் அதன் டிஜிட்டல் படத்துக்குத் தனியே உரிமை கோருவதில்லை என்று ஹார்வர்டு நூலகம் கொள்கையாகவே அறிவித்திருக்கிறது.

பிரிட்டனில் நிலை இரண்டுபட்டது. அரசுப் பொது ஆவணங்களில் வெளிவராமல் இருக்கும் எழுத்துகளுக்குத் தன் உரிமையை அந்த அரசு விட்டுக்கொடுத்துவிட்டது, மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். ஆனால் தனியார் கடிதங்களின் கதை வேறு. 1969-க்கு முன் இறந்துபோன ஒருவர் எழுதி, 1989 ஆகஸ்டுவரை வெளிவராமல் இருந்த கடிதத்துக்கு, அது எத்தனை நூற்றாண்டு பழையதானாலும், 2039 முடியும்வரை உரிமை நீள்கிறது. முதல் உலகப் போரின் நூற்றாண்டான 2014-இல் லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகமும் ஸ்காட்லாந்து தேசிய நூலகமும் இதை எதிர்த்தன. போர்வீரர்களின் கடிதங்கள் இருக்க வேண்டிய கண்ணாடிப் பேழைகளைக் காலியாகவே பார்வைக்கு வைத்தார்கள். சட்டம் இன்னும் அப்படியே இருக்கிறது.

பழைய தாளைப் படம் பிடித்ததால் மட்டும் புது உரிமை பிறக்குமா என்று கேட்டால், உலகம் மெல்ல மெல்ல "இல்லை" என்றே சொல்லிவருகிறது. 2023 நவம்பரில் பிரிட்டிஷ் மேல்முறையீட்டு நீதிமன்றம், சொந்தக் கற்பனைத் தேர்வு ஏதும் இல்லாத இடத்தில் பதிப்புரிமை இல்லை என்று கூறியதை அங்குள்ள கலை வரலாற்றாளர்கள் கொண்டாடினார்கள். நம் உச்ச நீதிமன்றமும் 2007 டிசம்பரில், ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில், வெறும் உழைப்பும் செலவும் போதாது, சிறிதளவாவது சொந்தத் திறனும் முடிவும் வேண்டும் என்றது. அந்த அளவுகோலை வைத்தால் வெறும் ஸ்கேனுக்குத் தனி உரிமை கோருவது கடினம். அதை நம்பிக்கொண்டு துள்ளிவிடவும் கூடாது. காப்பகத்தின் விண்ணப்பப் படிவத்தில் "எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் வெளியிட மாட்டேன்" என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டிருந்தால், அது கொடுத்த வாக்கு. பதிப்புரிமை முடிந்துபோனாலும் ஒப்பந்தம் நிற்கும்.

சட்டம் எல்லாம் சரியாக இருந்தும் கை தயங்க வேண்டிய தாள்கள் சில உண்டு. 1899 ஜூன் 6 அன்று சிவகாசி சூறையாடப்பட்டது. கோயில் நுழைவு உரிமையை ஒட்டி மூண்ட அந்தக் கலவரத்தைப் பற்றி அரசு நடத்திய கடிதப் போக்குவரத்து காப்பகத்தில் உள்ளது. அமெரிக்க அறிஞர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-இல் வெளியிட்ட நாடார் சமூக வரலாற்று நூலில் அந்த நிகழ்வு விரிவாக வருகிறது. எழுதியவர்கள் இறந்து நெடுங்காலம் ஆயிற்று, காகிதம் அரசுடையது, அச்சிடச் சட்டத் தடை இருக்க வாய்ப்பில்லை. ஆனால் இத்தகைய பழைய காகிதங்களில் ஒரு சமூகத்தை இழிவாகக் குறிக்கும் அக்காலப் பெயர்கள் வரும், குற்றம் சாட்டப்பட்டவர்களின் பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் வரும். இருதரப்பின் பேரன் பேத்திகளும் இன்று ஒரே பஸ்ஸில் ஏறி ஒரே சந்தைக்குப் போகிறார்கள்.

பொது ஆவணத்தில் உள்ளதை வெளியிடும் உரிமை பற்றி நாட்டுக்கே வழிகாட்டிய தீர்ப்பு தமிழ்நாட்டில் எழுந்த வழக்கில்தான் வந்தது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவது பற்றிய வழக்கில், 1994-இல் உச்ச நீதிமன்றம், ஒருவரது அந்தரங்கத்தை அவர் சம்மதமின்றி எழுதக் கூடாது, ஆனால் நீதிமன்ற ஆவணம் உள்ளிட்ட பொது ஆவணத்தில் ஏறிவிட்டால் அதை வெளியிடலாம் என்றது. பாலியல் வன்முறையில் பாதிக்கப்பட்ட பெண்ணின் அடையாளத்தை மட்டும் அப்போதும் காக்க வேண்டும் என்றும் சேர்த்தது. சட்டம் அங்கே முடிகிறது. அதற்கு மேல் எழுதுகிறவரின் பொறுப்பு. வரலாற்றை மறைக்கச் சொல்லவில்லை. 1899-ஐப் பற்றி எழுதத்தான் வேண்டும், ஆவணத்தோடு எழுத வேண்டும். எந்தப் பக்கத்தைப் படமாகப் போடுவது என்பதில் நிதானம் வேண்டும். பெயர்ப் பட்டியலைப் பெரிதாக்கி அட்டையில் போடுவதைவிட, அரசு எடுத்த முடிவு எழுதப்பட்ட பக்கத்தைப் போட்டு, அதில் வரும் சொற்கள் யாருடைய பார்வையில் எழுதப்பட்டவை என்று கீழே இரண்டு வரி சேர்த்தால் சான்றும் நிற்கும், புண்ணும் கிளறப்படாது.

அனுமதிக் கடிதம் எழுதுவது பெரிய வித்தை இல்லை. பலர் எழுதுவது இப்படி இருக்கிறது: "எங்கள் ஊர் வரலாற்று நூலுக்குத் தங்களிடம் உள்ள ஆவணங்களைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதிக்க வேண்டுகிறேன்." எந்த ஆவணம், எந்தப் பக்கம், எதற்கு என்று ஒன்றும் இல்லாததால் அந்தக் கடிதம் மேசை மேசையாக நகர்ந்து ஓய்ந்துவிடும். பதில் வரும் கடிதம் இப்படி இருக்கும்: "வருவாய்த் துறை, அரசாணை எண் இன்னது, நாள் இன்னது, பக்கம் 3. இந்த ஒரு பக்கத்தின் படத்தை, நான் எழுதிவரும் மல்லாங்கிணறு வரலாறு என்னும் தமிழ் நூலின் உட்பக்கத்தில், கறுப்பு வெள்ளையில், அரைப் பக்க அளவில் அச்சிட அனுமதி வேண்டுகிறேன். 500 படிகள் அச்சிட உள்ளேன். விலைக்கு விற்பேன், லாப நோக்கம் இல்லை. படத்தின் கீழ் காப்பகத்தின் பெயரையும் கோப்பு எண்ணையும் தாங்கள் சொல்லும் வடிவத்தில் குறிப்பேன். நூல் வந்ததும் ஒரு படி அனுப்புவேன்." அதிகாரி கேட்க நினைக்கும் கேள்வி எல்லாவற்றுக்கும் இதிலேயே விடை இருக்கிறது. அட்டைப் படம் என்றால் அதையும் சொல்லிவிட வேண்டும், பல இடங்களில் அதற்குக் கட்டணமே வேறு. அச்சுக்கு 300 டிபிஐ அளவில் ஸ்கேன் வேண்டும் என்பதையும் அதே கடிதத்தில் கேட்டுவிடலாம். கைபேசியில் சாய்த்து எடுத்த படத்தைச் சிவகாசி அச்சகம் எவ்வளவு திறமையாகத் திருத்தினாலும் பழைய மையின் நிறம் திரும்ப வராது.

நேரத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். 2023 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு ஆளான பிரிட்டிஷ் நூலகத்தில் பட்டியலும் பிற சேவைகளும் மாதக்கணக்கில் முடங்கின. திருவிழா நாளில் வெளியீடு என்று நாள் குறித்துவிட்டு, அதற்கு முந்தின மாதம் கடிதம் எழுதினால் எந்த நாட்டிலும் நடக்காது. எழுதத் தொடங்கும்போதே கேட்டுவிட வேண்டும்.

உரிமையாளரே தெரியாவிட்டால்? பதிப்புரிமைச் சட்டத்தின் 31ஏ பிரிவு அதற்கு வழி வைத்திருக்கிறது. எழுதியவர் இறந்துவிட்டார், யாரென்று தெரியவில்லை, தேடியும் கிடைக்கவில்லை என்றால் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். முதலில் நாட்டின் பெரும்பகுதியில் விற்கும் ஓர் ஆங்கில நாளிதழில் விளம்பரம் கொடுக்க வேண்டும். 2021-க்குப் பின் விண்ணப்பம் வணிக நீதிமன்றத்துக்குப் போகிறது. 500 படி அச்சிடும் ஊர் வரலாற்றுக்காரர் அந்த விளம்பரச் செலவிலேயே ஒடிந்துபோவார். பெரிய பதிப்பகங்களை நினைத்து எழுதப்பட்ட பிரிவு இது. சிறு படிகளுக்கு, தேடிய விவரத்தைக் காப்பகத்தில் பதிவு செய்தால் போதும் என்று ஒரு எளிய வழி வைக்கலாம்.

காப்பகங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகம் தன் பழைய ஓவியங்களின் துல்லியப் படங்களை யாரும் எதற்கும் எடுத்துக்கொள்ள இணையத்தில் வைத்துப் பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. அதனால் அதன் பெருமை கூடியதே தவிரக் குறையவில்லை. இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் அபிலேக் படல் தளம் லட்சக்கணக்கான பக்கங்களை வீட்டிலிருந்தே பார்க்க வைத்திருக்கிறது. எழும்பூருக்குப் பஸ் பிடித்து வருகிறவருக்கு, எதற்கு அனுமதி வேண்டும், எதற்கு வேண்டாம், கட்டணம் எவ்வளவு, எத்தனை நாளில் பதில் என்று தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி வாசலிலும் இணையத்திலும் ஒட்டிவைத்தால், பாதி அத்துமீறல் தானாக நின்றுவிடும். மக்கள் வரிப்பணத்தில் காக்கப்படும் மக்களுடைய காகிதம் அது. நூறாண்டு கடந்த அரசுக் காகிதத்தை ஊர் வரலாற்றுக்குக் கட்டணமில்லாமல் தருவதால் அரசுக்கு நட்டம் எதுவும் வராது.

அனுமதி வந்த பிறகும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கடிதத்தை முழுமையாகப் படிக்க வேண்டும். பெரும்பாலான அனுமதிகள் ஒரு நூலுக்கு, ஒரு பதிப்புக்கு மட்டும் என்றே இருக்கும். இரண்டாம் பதிப்பு, மின்னூல், ஆங்கில மொழிபெயர்ப்பு, நூல் வெளியீட்டுக்கான பிளெக்ஸ் பலகை எல்லாவற்றுக்கும் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். கடிதத்தின் மூலத்தை நூலாசிரியர் வைத்துக்கொண்டு, நகல் ஒன்றை அச்சகத்தில் கொடுத்து, இன்னொன்றை வீட்டில் புத்தகப் படியோடு சேர்த்துக் கட்டி வைத்தால், பத்தாண்டு கழித்து மறுபதிப்புப் போட நினைக்கிற பிள்ளைகள் யாரிடம், எந்தக் கோப்பு எண் சொல்லிக் கேட்பது என்று தேட வேண்டியிருக்காது.